ஏழு கிழமைப் பிள்ளைக்கு பெரா டெஸ்ட் எதற்கு?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் 34 கிழமையில் பிறந்தவன். 9 நாள் பிபியூவில், அதாவது குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பிரிவில், வைத்திருந்தார்கள். செங்கண்மாரிக்கு லைட்டும் பிடித்து, ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியும் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு விடும்போது பார்த்த காது டெஸ்டில் வலது காது ‘பாஸ்’, இடது காது ‘ரிஃபர்’. ஆறாம் கிழமையில் திரும்பப் பார்த்தபோதும் அதே முடிவு. இப்போது இரண்டு காதுக்கும் பெரா, அதாவது சத்தத்துக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் சோதனை, எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மம்மாவோ, “குசினியில மூடி விழுந்தா பிள்ளை திடுக்கிடுறான், சும்மா வயர் பூட்டி வதைக்காத” என்கிறாராம். பெரா உண்மையில் தேவையா, கரண்ட் பிடிப்பார்களா, மயக்க மருந்து கொடுப்பார்களா, பாஸான காதை ஏன் பார்க்க வேண்டும், அவன் கதைக்கத் தொடங்கும்வரை பொறுத்தால் என்ன என்பவைதான் கேள்விகள்.

தங்கச்சி, சுருக்கமாகச் சொன்னால்: எடுங்கள். இப்போதே எடுங்கள், இரண்டு காதுக்கும். கரண்ட் பிடிப்பதில்லை. இந்த வயதில் மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது, பால் குடித்துவிட்டு வரும் நித்திரையே போதும். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான். நான் கொழும்பில் பிள்ளைகளின் செவிப்புலன் பார்க்கும் வேலையில் பல வருடமாக இருப்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

அம்மம்மாவின் மூடியிலிருந்து தொடங்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளை திடுக்கிடுவது உண்மைதான். ஆனால் அலுமினிய மூடி ஒன்று டைல்ஸ் தரையில் விழும் சத்தம் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு பெரிது. நாம் பக்கத்தில் இருந்து கதைப்பது ஏறத்தாழ 60 டெசிபல், காதோடு காதாகக் குசுகுசுப்பது 30. மூடி விழும் சத்தம் 90ஐத் தொடலாம். பாதிக்குப் பாதி கேட்காத பிள்ளையும் அதற்குத் திடுக்கிடும். ஏணைக்குப் பக்கத்தில் நின்று கை தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையின் நிழலும், முகத்தில் படும் காற்றும், ஏணைக் கயிற்றில் ஏறும் அதிர்வும் பிள்ளைக்குச் செய்தி சொல்லிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: உங்கள் மகனின் வலது காது நன்றாக இருந்தால் அந்த ஒரு காதே திடுக்கிடப் போதும். எந்தக் காதால் கேட்டது என்று மூடி சொல்லாது.

இன்னொன்றும் சொல்லாது. பட்டு, தட்டு, கட்டு, சட்டு என்ற நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சத்தமாக வருவது ‘அ’வும் ‘உ’வும்தான். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது முன்னால் இருக்கும் அந்தச் சின்ன மெய்யெழுத்து. அதன் சத்தம் மெலிது, பெரும்பகுதி உச்ச சுருதியில் இருக்கும். உச்ச சுருதி மட்டும் கேட்காத பிள்ளைக்கு நான்கும் ஒரே ‘அட்டு’. கூப்பிட்டால் திரும்பும், பஸ் ஹோனுக்குத் திரும்பும், வீட்டில் எல்லாரும் “காது நல்லாக் கேக்குது” என்பார்கள். மூன்று வயதில் பேச்சு தெளிவில்லை என்று கூட்டிக்கொண்டு வருவார்கள். ஜென்டமைசின் காதைத் தாக்கினால் முதலில் கெடுப்பதும் இந்த உச்ச சுருதிப் பகுதியைத்தான்.

அதனால்தான் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்காமல், அதன் காதும் நரம்பும் என்ன செய்கின்றன என்று நேரே அளக்கும் சோதனைகள் வந்தன. பிள்ளை கை தூக்க வேண்டாம், பட்டன் அழுத்த வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவற்றில் எதுவும் ‘கேட்கிறது, கேட்கவில்லை’ என்று நேராகச் சொல்வதில்லை. சத்தம் வெளிக்காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு சந்தியில் நின்று பார்க்கிறது. எந்தச் சந்தி என்று தெரியாமல் ‘பாஸ்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போவதில்தான் பிழை நடக்கிறது.

உங்கள் மகனுக்கு இரண்டு தடவை பார்த்தது அநேகமாக ஓஏஈ. காதுக்குள் சின்ன ரப்பர் முனை ஒன்றை வைத்து, டக்டக்கென்று சத்தம் கொடுத்து, ஓரிரு நிமிடத்தில் முடித்திருப்பார்கள். அந்த முனையில் ஸ்பீக்கரோடு ஒரு மைக்கும் இருக்கிறது. உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட கொக்லியாவில் வெளி மயிர்க்கலங்கள் என்று ஏறத்தாழ 12,000 இருக்கின்றன. சத்தம் வரும்போது அவை நெளிந்து ஆடி அந்தச் சத்தத்தைப் பெருப்பிக்கின்றன. அந்த ஆட்டத்தில் பிறக்கும் மிக மெல்லிய எதிரொலி செவிப்பறையைத் தாண்டி வெளியே திரும்பி வரும். காது சத்தத்தை வாங்குவது மட்டுமல்ல, கொடுக்கவும் செய்கிறது என்பதை லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் காட்டினார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று பிறந்த பிள்ளைகளை வார்டிலேயே பார்க்க முடிவது அந்தக் கண்டுபிடிப்பால்தான்.

எதிரொலி வந்தால் பாஸ், வராவிட்டால் ரிஃபர். ரிஃபர் என்றால் ‘செவிடு’ என்று பொருள் அல்ல, ‘இன்னொரு தடவை பார்’ என்பதுதான். பிறந்த பிள்ளையின் மேல் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கும் மாப்படலம் காதுத் துவாரத்துக்குள்ளும் இருக்கும். நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். பிள்ளை அழுதாலோ மூச்சு கறகறத்தாலோ மைக்குக்கு அந்தச் சின்ன எதிரொலி எட்டாது. அதனால் பிறந்த முதல் நாளில் வரும் ரிஃபரைக் கண்டு நான் பெரிதாகக் கலங்குவதில்லை. ஆனால் ஆறாம் கிழமையிலும் அதே காது ரிஃபர் என்றால் மாப்படலத்தின் மேல் பழி போட முடியாது. நடுக்காது நீராகவும் இருக்கலாம், உட்காதாகவும் இருக்கலாம். எது என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரி, பாஸான வலது காதை ஏன் பார்க்க வேண்டும்? இதற்கு என் சொந்தப் பிழை ஒன்றையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த இடத்தில் ஓஏஈ மெஷின் மட்டும்தான் இருந்தது. செங்கண்மாரி மிகவும் ஏறி, இரத்தம் மாற்றிப் பிழைத்த ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு காதும் பாஸ். “பயப்பட ஒன்றுமில்லை அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வயதில் ஒரு சொல்லும் வராமல் அதே பிள்ளை திரும்பி வந்தாள். மறுபடி ஓஏஈ பார்த்தேன், அப்போதும் பாஸ். பெராவுக்கு அனுப்பினோம். ஒரு அலைகூட ஒழுங்காக வரவில்லை.

ஒடிட்டரி நியூரோபதி என்பது இதுதான். கொக்லியாவின் வெளி மயிர்க்கலங்கள் நன்றாக ஆடுகின்றன, ஆகவே ஓஏஈ பாஸ். ஆனால் அதற்கப்பால் நரம்பில் செய்தி ஒரே தாளத்தில் போகாமல் சிதறிப் போகிறது. ஸ்டேஷன் சரியாகப் பிடிபடாத றேடியோ மாதிரி: சத்தம் இருக்கும், சொல் இருக்காது. செங்கண்மாரியின் பித்தச்சாயம் மிகவும் ஏறினால் குறிவைப்பது இந்த நரம்பையும் மூளைத்தண்டையும். 5 நாளுக்கு மேல் தீவிர பராமரிப்பில் இருந்த பிள்ளைக்கு ஓஏஈ மட்டும் போதாது, பெரா வகைச் சோதனைதான் வேண்டும் என்று அமெரிக்காவின் குழந்தைச் செவிப்புலன் கூட்டுக்குழு 2007இலேயே எழுதிவைத்தது. உங்கள் மகன் 9 நாள் இருந்தவன். இரண்டு காதுக்கும் எழுதிக் கொடுத்த டொக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

பெராவை ஏபிஆர் என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுவார்களே, அதே சங்கதி. அவை உடம்புக்குள் எதையும் அனுப்ப அல்ல, உடம்பிலிருந்து வருவதைப் பிடிக்கத்தான். ஒட்டுமுன் மணல் மாதிரி நெருநெருக்கும் ஜெல் போட்டுத் தோலைத் துடைப்பார்கள். இந்தச் சோதனையில் பிள்ளைக்குப் பிடிக்காத இடம் அது ஒன்றுதான்.

பிறகு காதில் மெல்லிய முனை வைத்து, விநாடிக்கு இருபது முப்பது தடவை ‘டிக்’ சத்தம் கொடுப்பார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் செவி நரம்பும் மூளைத்தண்டும் ஒரு மின்துடிப்பைக் கொடுக்கும். அது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. அதே நேரத்தில் மூளையின் மற்ற வேலைகளும், கழுத்துத் தசையும், உறிஞ்சும் வாயும் அதைவிடப் பெரிய மின்சாரத்தைக் கிளப்பிக்கொண்டிருக்கும். ஆடிவேல் தேர் வரும் நாளில் காலி வீதியில் நின்று கைக்கடிகாரத்தின் டிக் ஒலியைக் கேட்க முயல்வது மாதிரி. எப்படிப் பிடிக்கிறது? டிக் கொடுத்த கணத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் பதிந்து, 2000 தடவையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மெஷின் சராசரி எடுக்கிறது. இரைச்சல் ஒருதடவை மேலே போகும், ஒருதடவை கீழே போகும், கூட்டினால் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். காதின் பதில் மட்டும் எப்போதும் அதே கணத்தில் வருவதால் நிலைத்து நிற்கும். 2000 தடவை அடுக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 45இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஜூவெட், வில்லிஸ்டன் என்ற இருவர் 1971இல் இந்த அலைகளை ஒழுங்குபடுத்தி ஒன்று முதல் ஏழுவரை இலக்கம் கொடுத்தார்கள். இன்றும் அதே இலக்கம்தான்.

நாங்கள் கண் வைத்துக் காத்திருப்பது ஐந்தாம் அலைக்கு. பலத்த டிக்குக்கு, பிறந்த பிள்ளையில் அது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏழு பங்கு கழித்து எழும்பும், வளர்ந்தவரில் இன்னும் கெதியாக. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அந்த அலை சின்னதாகி, திரையில் வலப்பக்கம் நகர்ந்து, ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். கடைசியாகத் தெரிந்த அளவுதான் நாங்கள் தேடும் எண். அதை ஒருதடவை கண்டால் போதாது, திரும்ப எடுத்து இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்போம். பொருந்தாவிட்டால் அது அலை இல்லை, எங்கள் ஆசை.

ஒரு சின்னத் தொழில் இரகசியம்: டிக்கை விநாடிக்குச் சரியாக 25 தடவை என்று கொடுக்கமாட்டோம், 27.7 மாதிரி ஒரு கோணல் எண்ணில்தான் கொடுப்போம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. வட்டக் கணக்கில் கொடுத்தால் அந்த ஆட்டமும் டிக்கோடு சேர்ந்து தாளம் போட்டு, அலை மாதிரியே வேஷம் கட்டி நிற்கும். உங்கள் போனை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வதும் இப்படி வரும் இரைச்சலுக்குப் பயந்துதான். யாராவது கடுகடுத்தால் கோபிக்காதீர்கள்.

இதில் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான், நித்திரை. முழித்திருந்து வாயை உறிஞ்சினாலே தசை மின்சாரம் எல்லாவற்றையும் மூடிவிடும். பெரா எடுக்க முடியாமல் திரும்பிப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மெஷினால் பிரச்சினை இல்லை, த்ரீவீலரால்தான் பிரச்சினை. வெள்ளவத்தையிலிருந்து பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறீர்கள் என்று வைப்போம். திம்பிரிகஸ்யாய தாண்டுமுன் ஆட்டத்தில் பிள்ளை நித்திரையாகிவிடும். போய்ச் சேரும்போது நன்றாக முழித்து, “என்ன விசேஷம்?” என்று எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே வழியில் தூங்க விடாதீர்கள். உள்ளங்காலைச் சுரண்டுங்கள், ஈரத்துணியால் முகத்தைத் துடையுங்கள், பாட்டுப் பாடுங்கள். கடைசிப் பாலை வீட்டில் கொடுத்துவிட்டு வராமல், ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அறையிலேயே கொடுங்கள். மடியில் பால் குடித்தபடி அப்படியே நித்திரையாகட்டும். மடியிலேயே வைத்து எடுக்கலாம்.

அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், முகத்துக்குப் பவுடர் வேண்டாம், ஸ்டிக்கர் வழுக்கிவிடும். நாவூறுக்கு வைக்கும் கறுத்தப் பொட்டு சரியாக எங்கள் நெற்றி ஸ்டிக்கரின் இடத்தில்தான் இருக்கும். அதை அன்றைக்குக் கன்னத்துக்கு மாற்றிவிடுங்கள், அம்மம்மாவும் ஏற்றுக்கொள்வார். கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். காதுக்குள் எண்ணெயோ தாய்ப்பாலோ விடும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள், அன்றைக்கு மட்டுமல்ல.

மயக்க மருந்து பற்றிக் கேட்டீர்கள். மூன்று நான்கு மாதம்வரை இயற்கை நித்திரையே அநேகமாகப் போதும். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளை அப்படி ஒரு மணித்தியாலம் அசையாமல் கிடக்காது. அவர்களுக்குத்தான் டொக்டரின் கண்காணிப்பில் தூக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். கதைக்கத் தொடங்கும்வரை பொறுத்தால் நீங்கள் பயப்படுகிற அந்த மருந்துதான் வந்து சேரும். உலகில் பொதுவாகச் சொல்லும் கணக்கு 1, 3, 6: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி. துடக்குக் கழியட்டும், 31ஆம் நாள் முடியட்டும், பிறகு கோயிலுக்குப் போய் வரட்டும் என்று நாள் ஓடிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த மூன்று மாதத்தில் ஏழு கிழமை முடிந்துவிட்டது. அரச வைத்தியசாலையில் திகதி தூரத்தில் கிடைத்தால் பிள்ளையின் வயதையும் பிபியூவையும் சொல்லி முன்னுக்குக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எடுக்கும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் டிக் சத்தம் முக்கியமாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான் காட்டும். தாழ்ந்த சுருதி எப்படி, உயர்ந்த சுருதி எப்படி என்று பிரித்துப் பார்க்க டோன் பேர்ஸ்ட் என்ற சத்தத்தில் எடுக்க வேண்டும். குறைந்தது 500, 2000 இரண்டிலும் எடுத்தால் நல்லது. இரண்டாவது, இடது காதில் குறை தெரிந்தால் எலும்பு வழியாகவும் எடுப்பார்களா என்று கேளுங்கள். காதுக்குப் பின் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்து, நடுக்காதைத் தாண்டி நேரே உட்காதைப் பார்ப்பது அது. அதில் நன்றாக வந்தால் குறை நடுக்காதில், வராவிட்டால் உட்காதில் அல்லது நரம்பில். டிம்பனோமெட்ரியும் செய்வார்கள். செவிப்பறை அசைகிறதா, பின்னால் நீர் இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் சொல்லும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அதை 1000 ஹெர்ட்ஸில் எடுக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்குப் பாவிக்கும் 226இல் எடுத்தால் நீர் இருந்தாலும் இல்லாத மாதிரிக் காட்டிவிடும்.

றிப்போட் கையில் வந்ததும் எண்ணைப் பார்த்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்தாம் அலை 30 டெசிபல்வரை தெரிகிறது என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியான செய்தி. 50, 60 என்றிருந்தால் குறை இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு உண்மையில் கேட்கும் அளவு அந்த எண்ணைவிடக் கொஞ்சம் நல்லதாகவே இருப்பது வழமை, அதைக் கழித்துக் கணிப்பது எங்கள் வேலை. ‘90இலும் பதில் இல்லை’ என்றிருந்தால் ஒன்றுமே கேட்காது என்று அழ வேண்டாம். பெராவின் மெஷின் எல்லை அது. அதற்கு மேலே போய்ப் பார்க்க ஏஎஸ்எஸ்ஆர் என்ற சோதனை இருக்கிறது. கேட்கும் கருவி போட்டால் பயன்படக்கூடிய மிச்சம் இருக்கிறதா என்று அது காட்டும்.

ஒரு காதில் மட்டும் குறை என்று வந்தால், பேச்சு பெரும்பாலும் வரும். சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதும், சந்தடியில் கேட்பதும்தான் கஷ்டம். காலி வீதியைக் கடக்கும் வயதில் அது சின்ன விஷயம் அல்ல. இரண்டிலும் குறை என்றால் சில கிழமைப் பிள்ளைக்கே கேட்கும் கருவி பூட்டலாம், வயது போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்புறம், “இனி வீட்டில் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கள்” என்று ஆலோசனை சொல்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அதில் கதையுங்கள்.

எல்லாம் நன்றாக வந்தாலும் ஒன்பது மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். பிபியூ, ஜென்டமைசின் இரண்டும் இருந்த பிள்ளைக்குக் குறை பிந்தியும் தலைகாட்டலாம். அப்போது அவன் உட்கார்ந்து, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புவான். திருப்பினால் வெளிச்சத்தோடு ஒரு பொம்மை ஆடும் பெட்டியை வைத்து, அவன் வாயாலேயே சொல்வது மாதிரி எங்கெங்கே கேட்கிறது என்று எடுத்துவிடலாம். மெஷின் சொன்னதும் பிள்ளை காட்டுவதும் ஒத்துப்போனால்தான் நான் ஃபைலை மூடுவேன்.

போகும்போது டிஸ்சார்ஜ் கார்டையும், ஊசி எத்தனை நாள் போட்டார்கள், செங்கண்மாரி எவ்வளவு ஏறியது என்ற விபரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். திகதி எடுக்கும்போது பிள்ளை வழமையாக ஆழ்ந்து தூங்கும் நேரத்தைச் சொல்லி, அதையொட்டி நேரம் கேளுங்கள். முக்கியமாக அம்மம்மாவையும் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிடத்தில் அவனை நித்திரையாக்க வீட்டில் அவரால்தான் முடியும் என்றால், அந்த அறையில் எங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான்.